திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு, கையில் கிளாரினெட்டோடு

சென்னைக்குள் நுழையாமல் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி போக முடியுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். நான் அப்படித்தான் போனேன், எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். வழி இன்றும் அதேதான் என்பதால் அந்தப் பயணத்தையே எழுதுகிறேன். போன காரணம் எங்கள் பேண்டு. அதைப் பற்றி ஊரில் தப்பும் தவறுமாகப் பேசுகிறார்கள், அதையும் திருத்திவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கிய பேண்டு அது. எங்கள் குடும்பங்கள் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவை. எங்களுக்கு யாரும் வாசிக்கச் சொல்லித் தரவில்லை. பட்டணத்து பேண்டுகள் சினிமாப் பாட்டு வாசித்தன. நாங்கள் நடவுப் பாட்டையும் ஏற்றப் பாட்டையும் கிளாரினெட்டில் வாசித்தோம். பட்டணத்தில் கருவியும் உடுப்பும் முதலாளியுடையவை. எங்களுக்கு முதலாளி கிடையாது. என் அத்தை மகன் சாமுவேலின் அப்பா கறவை எருமையை விற்று, சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய கருவிகள் வாங்கிக் கொடுத்தார். நான் கிளாரினெட், சாமுவேல் பெரிய டிரம்.

எங்களுக்கு ஒரே ஒரு விதி, அதைப் போட்டவன் நான். சாவுக்கு வாசிக்க மாட்டோம். மேலத் தெருவில் யார் செத்தாலும் எங்கள் ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, செருப்பில்லாமல் போய் மோளம் அடிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். மாட்டேன் என்று சொல்ல முடியாது. உடுப்பும் பூட்ஸும் போட்ட பேண்டு அந்த வழக்கத்துக்குள் போகக் கூடாது என்று நினைத்தேன். எங்கள் வீட்டுச் சாவுக்கும் வாசிக்கவில்லை. வாசித்தால், "உன் ஊட்டுக்கு ஊதின, எங்க ஊட்டுக்கு ஊத மாட்டியா?" என்று மறுநாளே கேட்பார்கள்.

திருவள்ளூரில் காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினேன். பூண்டி ஏரியை ஒட்டிப் போகும் சாலை. ஊத்துக்கோட்டை முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அப்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கண்டக்டர் என் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே உள்ள?"

"கிளாரினெட்டு."

"ஊதிக்கினு வந்தா லக்கேஜ் வேணாம்."

"பஸ்ஸுக்கெல்லாம் ஊதறதில்ல."

"அப்ப லக்கேஜ் போட்டுக்கோ," என்று டிக்கெட்டைக் கிழித்தார். போட்டுக்கொண்டேன்.

ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில் இறங்கி நாஷ்டா சாப்பிடுவது நல்லது. அடுத்த பஸ்ஸுக்கு எப்படியும் காத்திருக்க வேண்டும். பேண்டு உடைந்தது இந்த ஊருக்கு வடக்கே, ஆந்திர எல்லையோரத்துக் கிராமம் ஒன்றில். பெயரை எழுதி அதற்குப் பெருமை சேர்க்க மாட்டேன். கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து எங்களை அழைத்திருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையின் தாத்தா விடியற்காலையில் இறந்திருந்தார். "வெத்தல வாங்கிட்டீங்க, வந்துட்டீங்க. சட்டைய அவுத்துட்டு சாவுக்கு அடிங்க," என்றார் பெரிய வீட்டுக்காரர். நான் பெட்டியை மூடிவிட்டு நடந்தேன். சாமுவேல் வரவில்லை. அவனுடைய தங்கை குடும்பம் அந்த வீட்டு நிலத்தில்தான் வேலை செய்தது. சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தான். மற்ற மூவரும் அவனோடு நின்றார்கள். அதன் பிறகு நாங்கள் ஒன்றாக வாசிக்கவில்லை. தொழிற்சாலை வந்துதான் பேண்டு கலைந்தது என்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: தொழிற்சாலை வந்தபோது பேண்டே இல்லை.

ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாக கும்மிடிப்பூண்டி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். தொழிற்பேட்டை அப்போது பாதி முள்காடு, பாதி கொட்டகை. சாமுவேலுக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. "கிளாரினெட்டையும் எடுத்துக்கினு வரச் சொல்லு" என்று ஆள் மூலம் அவன் சொல்லி அனுப்பியிருந்தான். மறுபடி பேண்டு சேர்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் நின்ற சாமுவேல் என் கையைத்தான் முதலில் பார்த்தான்.

"பொட்டி கொண்டாந்துக்கிறியா மச்சான்?"

"கொண்டாந்துக்கிறேன். மத்தவங்க எங்க?"

"எவனும் வர்ல. நைனா இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்குது. போறப்போ நீ ஊதணும்னு ஒரே பிடிவாதம்."

"நான் சாவுக்கு ஊதறதில்லன்னு தெரியாதா உனுக்கு?"

"நம்ம ஊட்டு சாவுடா!"

"எவன் ஊட்டு சாவா இருந்தா இன்னா?"

"இங்க எவன்டா உன்ன வந்து கேக்கப் போறான்? இது கம்பெனி ஊரு. பொணத்துக்குக் கூட ஷிப்ட் முடிஞ்சுதான் வருவான்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் அசையவில்லை.

"இன்னாடா அங்க பஞ்சாயத்து?" என்று உள்ளே கயிற்றுக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நான் இன்னும் சாவல. எருமைய வித்தவன் நானு. எனுக்கு ஊத மாட்டியாடா?"

அருகே போய் உட்கார்ந்தேன். கை கால் எல்லாம் வற்றிப் போயிருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"செத்தப்புறம் ஊதினா உனுக்கு எப்டி மாமா கேக்கும்? இப்ப ஊதறேன், கேளு."

மாமா தலையை என் பக்கம் திருப்பினார். "இப்ப ஊதினா கொற சொல்லுவேன். பரவால்லியா?"

"சொல்லு."

பெரிய டிரம் மூலையில் கிடந்தது. அதன் மேல் அரிசிப் பானை. சாமுவேல் பானையை இறக்கிவிட்டுக் குச்சியை எடுத்தான். நடவுப் பாட்டு வாசித்தோம். ஷிப்ட் முடிந்து போனவர்கள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் மாமா என்னிடம் சொன்னார்: "ரெண்டாவது அடியில ஓடற. மொதல்லேர்ந்தே உன் பேஜாரு அதான்."

மூன்று வாரத்தில் அவர் போய்விட்டார். அதே பஸ்களில் மறுபடி போனேன், கிளாரினெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு.

நீங்கள் போவதானால்: ஊத்துக்கோட்டையில் ஆரணி ஆற்றின் தரைப்பாலம் அப்போது மழைக்காலத்தில் மூழ்கும், இப்போது உயரப் பாலம் இருக்கிறது. வேப்பம்பட்டு பக்கம் இருப்பவர்களுக்கு சென்னைக்குள் போய் பேசின் பிரிட்ஜில் ரயில் மாறுவது சுலபம் என்பார்கள். எனக்கு பஸ்தான் சரி. கவரைப்பேட்டையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கான கடைசி பஸ்ஸை விசாரித்துவிட்டே ஏறுங்கள்.

விதியை விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று இன்னும் யாராவது கேட்கிறார்கள். அன்று பாடைக்குத் தோள் கொடுத்து நடந்தபோது உறவுக்காரர் ஒருவர் பின்னாலிருந்து கத்தினார்: "வெறுங்கையோட வந்துக்கிறான் பாரு, பெரிய பேண்டுக்காரன்! எருமைய வித்தவனுக்கு ஒரு ஊது ஊதக் கூடாதா?" பாடையின் மறுபக்கம் தோள் கொடுத்திருந்த சாமுவேல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவரு கேட்டுட்டுத்தான் போறாரு," என்றான். "நீ வாய மூடிக்கினு நட."