பால் வண்டிக்கு நாயைப் பழக்கிய கதை

இடது தோளில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று கரவனெல்ல ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவளிடம் சொல்லுகிற பேச்சா இது? கத்தியால் பட்டையைச் சீவுவது பாரமில்லை. சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேர்த்து, கேன் கேனாக நிறுக்கும் கொட்டகைக்குத் தூக்கிப் போவதுதான் பாரம். பாலை நேரத்துக்குக் கொண்டுவர முடியாவிட்டால் புல்லு வெட்டப் போய்விடு என்றார் தோட்டத்தில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை. கோபமில்லாமல் சொன்னார், அதனால்தான் பயந்தேன். பால் வெட்டு எனக்குப் பிடித்த வேலை. அதை விட மனசு வரவில்லை.

எங்கோ பனி நாட்டில் நாய்கள் வண்டி இழுப்பதை மகள் போனில் காட்டினாள். எங்கள் வீட்டில் ஒன்று சும்மா தின்றுவிட்டுக் கிடந்தது. வீட்டுக்காரர் பழைய சின்னச் சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றி ஒரு வண்டி செய்து தந்தார். உரச்சாக்கும் மகளின் ஸ்கூல் பேக் வாரும் சேர்த்து நான் நெஞ்சுப்பட்டி தைத்தேன். அடுத்தது பூனையைக் கட்டி ஏர் உழுவாள் என்று எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தவரும் அதே வீட்டுக்காரர்தான்.

முதலில் வண்டியைக் கட்டியதும் நாய் உட்கார்ந்துகொண்டது. பிறகு தன் பின்னால் வருவது என்ன என்று திரும்பித் திரும்பிக் குரைத்தது. சிங்களக் கிராமத்திலிருந்து வந்த நாய், அதற்குத் தமிழ் ஏறாது. "வா" என்றால் காதைக்கூட அசைக்காது, சிங்களத்தில் "யமு", போவோம், என்றால் நடக்கும். எனக்குக் கொடுத்திருந்தது ரோட்டோரத்து மரங்கள். காலையில் பால் வெட்டப் போகும்போதே வெறும் வண்டியோடு கூட்டிப்போய்ப் பழக்கினேன். நான் மரத்தடியில் நின்றால் அதுவும் நிற்கும், நான் நகர்ந்தால் நகரும். கொஞ்ச நாளில் "யமு"கூடத் தேவைப்படவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்புறம் முதல் தடவையாகக் கேன்களில் பாலை நிரப்பிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினோம். என் மரங்களைத் தாண்டிய அடுத்த மரத்தடியில் நாய் நின்றது. இழுத்தேன், வந்தது. அடுத்த மரத்தில் மறுபடியும் நின்றது. கொட்டகை வரைக்கும் இரண்டு பக்கமும் ரப்பர் மரம்தான். பிஸ்கட் காட்டினேன், இரண்டு பாஷையிலும் திட்டினேன். வெயில் ஏற ஏற கேன் விளிம்பில் பால் கெட்டியாகத் தொடங்கியது. உறைந்துவிட்டால் பால் கணக்கில் வராது, நாளையிலிருந்து புல்லுதான்.

பின்னால் கேனைத் தூக்கி வந்த பக்கத்து லயத்துப் பெண் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அது நிக்கலக்கா. நீங்க நிக்கிறீங்க, அதான் அதுவும் நிக்குது."

உண்மைதான். ஒவ்வொரு மரத்துக்கும் என் கால் தயங்கியது. வெட்டு ஆழமாகப் போயிருக்கிறதா, பட்டையில் காயம் பட்டிருக்கிறதா என்று கண் தானாக அங்கே போனது. இத்தனை வருஷப் பழக்கம். நாய் மரத்தைப் பார்க்கவேயில்லை, என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கொட்டகையின் தகரக் கூரையில் கண்ணை வைத்து நடந்தேன். தோள்வலியைவிட அது கஷ்டம். வளைவில் ஒரு மரத்தை யாரோ கொத்திக் குதறியிருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. யார் வேலை என்று பார்க்கத் துடித்தேன், ஆனால் பார்க்கவில்லை. பக்கத்தில் வண்டி கடகடவென்று வந்துகொண்டேயிருந்தது.

கணக்கப்பிள்ளை பாலில் விரலை விட்டுப் பார்த்தார். நிறுத்தார். நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாளைக்கும் அதே மரந்தாம்மா ஒனக்கு" என்றார்.

திரும்பி வரும்போது கேன்கள் காலி, அவசரம் ஒன்றுமில்லை. நானும் நாயும் ஒரு மரத்தையும் விடாமல் நின்று பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.