மாமாவின் பாஸ்வேர்டும் அத்தையின் அளவுகளும்

தே தாரிக் தேநீர்க் கோப்பையோடு மாமா உள்ளே வந்தார். அத்தை சட்டென்று கணினித் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அந்த நொடியில்தான் எனக்கு யோசனை வந்தது.

ஸ்கூடாயில் அத்தைக்குத் தையல் கடை. ரவிக்கைதான் முக்கிய வேலை. வாடிக்கையாளர்களின் அளவை அவர் ஒருவர்தான் எடுப்பார், அவர் ஒருவர்தான் பார்ப்பார். எந்த ஆண் கண்ணிலும் படாது என்ற நம்பிக்கையில்தான் தூரத்துக் காஹாங்கிலிருந்துகூடப் பெண்கள் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். கல்லாவில் உட்காரும் மாமாவுக்கே அனுமதி இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"திரையைத் திருப்பித் திருப்பி ஏன் கஷ்டப்படறீங்க அத்தை? நான் ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன் லா" என்றேன். கணினி படிக்கிறவனுக்குக் கை சும்மா இருக்குமா?

எழுதினேன். ஒரே கணினியில் மாமாவுக்கு ஒரு கணக்கு, அத்தைக்கு ஒரு கணக்கு, தனித்தனி பாஸ்வேர்ட். அத்தை பதியும் அளவுகள் அவர் கணக்குக்குள்ளேயே போய்ச் சேரும். கணினியை வாங்கியவர் என்ற முறையில் மாமா அட்மின். புதிதாக எந்த மென்பொருளை ஏற்றினாலும் அவர் பாஸ்வேர்ட் வேண்டும். அந்தப் பதவியில் அவருக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது.

தீபாவளி நெருங்கியது. "டேய் மருமகனே, பில் போடணும்னா ஒவ்வொரு தடவையும் உங்க அத்தையைக் கூப்பிடணுமா?" என்று மாமா ஆரம்பித்தார். நியாயம்தானே. இரண்டாம் பதிப்பு எழுதினேன். தகவலெல்லாம் இருவருக்கும் பொதுவான இடத்தில் இருக்கும். மாமா திறந்தால் பெயரும் விலையும் மட்டும் தெரியும், அத்தை திறந்தால் அளவும் தெரியும். இதைக் கணினியில் ஏற்றும் இன்ஸ்டாலரே பழைய தகவலையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

சோதித்துப் பார்க்க அத்தையின் கணக்கைக் கேட்டேன்.

"நீயும் ஆம்பளதானே?"

சரி என்று மாமாவின் கணக்கில் பழைய பதிப்பை ஏற்றி, கற்பனை வாடிக்கையாளர் ஒருவரை உருவாக்கினேன். அளவுக்கு எங்கே போவது? எதிரே மாமாதான் உட்கார்ந்திருந்தார். அவர் வயிற்றைக் கண்ணாலேயே அளந்து, 'மாமா' என்ற பெயரிலேயே பதிந்தேன். பஃப் கை, முதுகில் கயிறு, கயிற்று நுனியில் குஞ்சம். இன்ஸ்டாலர் ஒரு குஞ்சம் குறையாமல் மாற்றிக் காட்டியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் புதிய பதிப்பை அத்தையின் கணக்கில் ஏற்றினோம். கணினி அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டது. மாமா எங்கள் இருவரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரே விரலால் தட்டினார். முடிந்தது. பொந்தியானிலிருந்து வந்திருந்த ஓர் அக்காவின் அளவை எடுக்க அத்தை திரையைத் திறந்தார்.

"என்னடா இது, ஒரே ஒருத்தர்தான் இருக்காங்க? 'மாமா, பஃப் கை'ன்னு போட்டிருக்கு."

அலமாக்! பாஸ்வேர்ட் மாமாவுடையது. அதனால் இன்ஸ்டாலர் தன்னை ஓட்டுவது மாமாதான் என்று நினைத்து, அவர் கணக்குக்குள் போய், அங்கே கிடந்த ஒரே வாடிக்கையாளரைப் பத்திரமாகத் தூக்கி வந்துவிட்டது. அத்தையின் கணக்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப என் அளவெல்லாம் போச்சா?" அத்தையின் குரல் இறங்கிவிட்டது. தீபாவளிக்குத் தைக்க வேண்டியவை மூட்டையாகக் கிடந்தன.

போகவில்லை. பழைய ஃபைலை நகலெடுக்கத்தான் எழுதியிருந்தேன், அழிக்க அல்ல. ஆனால் அதைத் தேடி எடுக்க நான் திரையைப் பார்க்கக் கூடாதே! சுவர் நாள்காட்டியைப் பார்த்தபடி நின்று, எதை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அத்தை அழுத்தினார். பொந்தியான் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"இருக்குடா! எல்லாம் இருக்கு!"

நான் திரும்பிப் பார்க்கப் போனேன்.

"அங்கேயே நில்லு."

அக்கா போனதும் அத்தை கேட்டார்: "ஏன்டா, இவரு பாஸ்வேர்ட போட்டா எங்க வேணும்னாலும் போவுமா? என் அளவையும் எடுக்கலாமா?"

பொய் சொல்ல முடியவில்லை. "அட்மின் நினைச்சா எடுக்கலாம் அத்தை."

"நான் எதுக்குப் பார்க்கப் போறேன்?" என்று மாமா முறைத்தார்.

"நீங்க பார்க்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். வர்றவங்களுக்குத் தெரியணும்ல?"

 மாமா மெதுவாக, "அந்தக் குஞ்சத்தையாவது எடுத்துடுடா" என்றார்.

மூன்றாம் பதிப்பு இப்போது தயார். இன்ஸ்டாலர் இனி அனுமதி கேட்பது மென்பொருளை வைக்க மட்டும். தகவல் பக்கமே போகாது. அத்தை தன் கணக்கில் முதல்முறை திறக்கும்போதுதான் பெயரும் விலையும் பொது இடத்துக்குப் போகும். அளவுகள் அவரிடமே இருக்கும். அட்மின் பதவியும் அவருக்கே. அதை மாற்ற மாமாவின் பாஸ்வேர்ட் கடைசியாக ஒருமுறை வேண்டும். கடை மூடியிருக்கும் நாளில், நல்ல நுரையோடு ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு போய்க் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.