பெரிய பெயர் தேடிய டில்லிபாபு

செவ்வாய்க்கிழமை காலை கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் அடித்தது. ஜெசிந்தா. எர்ணாவூர்க்காரர், தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு சைக்கிள் ஓட்டுகிறவர். "அண்ணாச்சி, டில்லிண்ணன் போயிட்டாரு" என்றார். "எங்க?" என்று கேட்டேன். அவர் அழுதார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விடியற்காலையில் நெஞ்சு வலி என்று எழுந்து உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் மனைவி பவானியின் மடியிலேயே சாய்ந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. வீடு ராயபுரத்தில், வேலையும் அங்கேயே ஒரு கிளியரிங் அலுவலகத்தில். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுப்பார். இஸ்திரி கலையாத சட்டை. பெயர் போன கம்பெனியின் வாட்ச், பெயர் போன கம்பெனியின் ஷூ. பேனாகூட அப்படித்தான். நான் திருவொற்றியூரில் பெயிண்ட், பைப், ஆணி விற்கிற வியாபாரி. தூத்துக்குடிப் பக்கத்து ஆள் என்பதால் எல்லோரையும்போல அவரும் என்னை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார். ஒரு டப்பா எனாமல் பெயிண்ட் வாங்க வந்த இடத்தில், வாசலில் நின்றிருந்த என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "இத்த யாரு ஓட்றது? நீயா?" என்று சிரித்தார். எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் போகும் சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று திடீரென ஒதுங்கியது. டில்லி அதற்கு வழிவிடப்போய், ஓரத்துச் சரளையில் சறுக்கி விழுந்தார். தோளருகே காறை எலும்பு முறிந்தது. சைக்கிளின் பிரேமும் வளைந்துபோனது. எலும்பு கூடிவிட்டது, இனி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிப் பல மாதங்கள் ஆன பிறகும் அவர் வரவில்லை. ஒரு வாரம் ஆபீஸ் வேலை என்பார், இன்னொரு வாரம் சொந்தக்காரர் கல்யாணம் என்பார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

பிறகு ஒருநாள் கடைக்கு வந்து, போனில் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்பு நிற சைக்ளோகிராஸ் சைக்கிள். ரோடு சைக்கிளைப்போல வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் அகலம், அதில் சேற்றைப் பிடிக்கும் பற்கள். சேறு, மணல், புல் எதிலும் ஓட்டலாம். ஓட்டவே முடியாத இடம் வந்தால் இறங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் பக்கத்துச் சாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. ஆனால் டில்லியின் விரல் டயரைக் காட்டவில்லை. பிரேமில் பெரிய வெள்ளை எழுத்தில் இருந்த கம்பெனியின் பெயரைத்தான் தடவிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பந்தயங்களில் ஜெயிக்கிறவர்கள் ஓட்டும் கம்பெனி அது.

"டில்லி, இந்த பிரேமையும் இன்னொரு கம்பெனி பிரேமையும் ஒரே பேக்டரியிலகூட செய்யுதாங்களாம். ஸ்டிக்கருக்கா இவ்வளவு ஆசைப்படுதீங்க?" என்றேன்.

"அண்ணாச்சி, உன் கடைக்கு பெயிண்டு வாங்க வர்றவன் டப்பாவ தொறந்து பாத்தா வாங்கறான்? டப்பா மேல இன்னா பேரு போட்டுக்கீதுன்னுதானே பாக்கறான்? நீயும் அதத்தானே முன்னாடி அடுக்கி வச்சிக்கிற?"

என் பிழைப்பே அதுதான். அதே தரமுள்ள இரண்டு டப்பாக்களில் பெயர் தெரிந்ததை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்த நிம்மதியும் சேர்ந்துதான் விலை.

நான், டில்லி, ஜெசிந்தா மூவரும் நகரத்தின் தென்பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய சைக்கிள் ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் பந்தயப் படங்கள். விற்பனையாளர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். "எந்த ஏரியா சார்?" என்றார். டில்லி சொன்னார். வடசென்னை என்றாலே ரவுடியும் திருட்டும்தான் என்று நினைப்பவரோ என்னவோ, அந்த இளைஞரின் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. "ஓ, அந்தப் பக்கமா? அப்போ இது வேணாம் சார். வெளியில நிறுத்தினா இருக்காது. அங்க இருக்கிற ரெண்டு மூணு மாடல் பாருங்களேன்" என்று குழந்தைகளின் வண்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த வரிசையைக் காட்டினார்.

டில்லி கோபப்படவில்லை. "நா ஊட்டுக்குள்ள நிறுத்திக்கிறேன் சார். அந்தக் கறுப்ப எடு" என்றார். இளைஞர் அதை எடுக்கப் போனபோது என் காதருகே குனிந்து, "மொத வேலைக்கு அப்ளிகேசன் போடறப்போ, ஏரியா பேர உட்டுட்டு பின்கோடு மட்டும் எழுதுவேன் அண்ணாச்சி. இன்டர்வியூல எங்க வூடுன்னு கேட்டா, பீச் ஸ்டேஷனாண்டன்னு சொல்லுவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கறுப்பு சைக்கிள் வந்தது. நேரில் படத்தைவிட அழகு. டில்லி அதன் கைப்பிடியைப் பிடித்ததும் அவர் நிற்கிற தோரணையே மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. பக்கத்தில் வேறு ஏதோ வாங்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதை டில்லி கவனித்தார், அவர் கவனித்ததை நான் கவனித்தேன். பிறகு, சைக்ளோகிராஸ்காரர்கள் செய்கிறபடி அதைத் தோளில் மாட்டினார். அந்த மாடலில் மேல் குழாயின் அடியில் பிரேக் கம்பி வெளியே தெரிகிற மாதிரி ஓடியது. குழாயின் விளிம்பும் கொஞ்சம் கூர்மை. அது நேராக, முறிந்து கூடிய எலும்பின் மேல் அமர்ந்தது. "ஷோக்கா கீது. இதான்" என்றார்.

ஜெசிந்தா அவருக்கு எதிரில் போய் நின்றார். "டில்லிண்ணா, தோள்ல மாட்டிகினே ஒரு தபா சிரி, பாக்கலாம்."

"இன்னாத்துக்கு?"

"சும்மா சிரிண்ணா."

டில்லி சிரிக்கப் பார்த்தார். உதடு விரிந்தது, பல்லும் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. கண்ணோரம் சுருங்கி வலிதான் வந்தது. ஜெசிந்தா, இளைஞர் முதலில் காட்டிய வரிசையின் கடைசியில் இருந்த சாம்பல் நிற சைக்ளோகிராஸ் வண்டியை எடுக்கச் சொன்னார். வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ ஒரு கம்பெனி. மேல் குழாயின் அடிப்பக்கம் தட்டையாக, கம்பிகள் எல்லாம் உள்ளே ஓடுகிற மாதிரி செய்திருந்தார்கள். டில்லி மனமில்லாமல் அதைத் தோளில் மாட்டினார். "சிரிண்ணா" என்றார் ஜெசிந்தா மறுபடி. இந்தத் தடவை டில்லிக்கு உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா நர்சம்மா நீ, ஊசி போடறதுக்கு முன்னாடியும் இப்டிதான் பேஜார் பண்ணுவியா?" என்றார்.

இருந்தும் அன்று எதையும் வாங்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்து டீ குடித்தோம். அந்த டீக்கடையில்தான், கையில் கிளாஸோடு, யாரையும் பார்க்காமல் சொன்னார். "மறுபடியும் ஏறி ஓட்றதுக்கு பயமா கீது அண்ணாச்சி. லாரி சத்தம் கேட்டா தோளு தன்னால உள்ள இழுத்துக்குது. பேரு பெரிசா இருந்தா பயம் கொஞ்சம் கொறையும்னு நெனச்சேன்." இத்தனை மாதமும் ஆபீஸ் வேலையும் கல்யாணமும் எதற்காகச் சொன்னார் என்று அப்போது விளங்கியது. ஸ்டிக்கரைப் பற்றி நான் பேசிய பேச்சுக்கும் அவருக்கு வேண்டியதற்கும் சம்பந்தமே இல்லை. பயந்தவனுக்குத் துணை வேண்டும். அவர் தேடிய துணை ஒரு பெயர். ஜெசிந்தா, "நாங்க ரெண்டு பேரும் உனக்கு முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தரா வர்றோம்ணா. லாரிக்காரன் எங்களத் தாண்டிதான் உன்னாண்ட வரணும்" என்றார். டில்லி கிளாஸைக் கீழே வைத்தார். அடுத்த வாரம் சாம்பல் நிற வண்டியை வாங்கினார்.

வாங்கிய முதல் ஞாயிறு தென்பக்கத்துக் குழு ஒன்று எங்களோடு சேர்ந்து ஓட்ட வந்தது. அதில் ஒருவர் டில்லியின் வண்டியைப் பார்த்து எந்த பிராண்ட் என்று கேட்டார். டில்லி சொன்னார். "கேள்விப்பட்டதே இல்லையே பாஸ்" என்று அவர் போய்விட்டார். வழியெல்லாம் டில்லி பிரேமில் இருந்த எழுத்தையே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் மறுவாரம் வந்தபோது பிரேமில் அந்த வாயில் நுழையாத பெயரைக் காணவில்லை. நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் கொடுத்து, அதன்மேல் பெரிய வெள்ளை எழுத்தில் 'ராயபுரம்' என்று ஒட்டியிருந்தார்.

"என்ன டில்லி இது?"

"எப்டியும் கேள்விப்படாத பேருதான். அது நம்ம பேரா இருந்துட்டு போட்டுமே."

மழை முடிந்த பருவத்தில் மீஞ்சூர் தாண்டி ஒரு வயல்வெளியில் சில சைக்கிள் குழுக்கள் சேர்ந்து சேற்றுப் பந்தயம் வைத்தார்கள். டில்லி பெயர் கொடுத்தபோது நானும் ஜெசிந்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் போக அங்கே வழியில்லை. கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடிந்தது. இரண்டாவது சுற்றிலேயே எல்லோர் முதுகிலும் இருந்த எண்களைச் சேறு மூடிவிட்டது. பலகைத் தடுப்பு வந்ததும் ஒவ்வொருவராக இறங்கி வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். டில்லியும் இறங்கினார். ஒரு நொடி தயங்கினார். பிறகு மாட்டினார், பிரேமில் சேறு மூடாத பெரிய வெள்ளை எழுத்து மேலே தெரிந்தது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர், "அடுத்து வர்றது... நம்பர் தெரியல... ராயபுரம்! ராயபுரம் வருது!" என்று கத்தினார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. யார் யாரோ, எங்கெங்கோ இருந்து வந்தவர்கள், "ராயபுரம்! ராயபுரம்!" என்று கத்தினார்கள். டில்லி கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து முடித்தார். முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன.

"நம்ம ஏரியா பேர சொல்லி இத்தினி பேரு கத்தினத இன்னிக்குதான் கேக்கறேன் அண்ணாச்சி. அதுவும் போலீஸ் ஜீப்பு இல்லாம" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

அன்றோடு அவருக்குப் பெரிய பெயர்களின் மேல் இருந்த ஆசை போய்விட்டது என்று நான் எழுதினால் டில்லி என்னை மன்னிக்க மாட்டார். "இன்னும் அந்தக் கறுப்பு சைக்கிள் போட்டோவத்தான் பாத்துகினு கீறாரு" என்று பவானி போன மாதம்கூடக் கேலி செய்தார். "பாக்கறதுக்கு காசா பணமா?" என்றார் டில்லி. அவர் அப்படித்தான். ஆசையை ஆசை என்று ஒத்துக்கொள்வதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை. அதனால்தான் அவரோடு இருக்கும்போது நமக்கும் பாசாங்கு தேவைப்படவில்லை.

இறுதிச் சடங்கு அன்று வீட்டுக்குள் உறவினர் ஒருவர், "இவ்ளோ சைக்கிள் ஓட்டியும் இன்னா பிரயோஜனம்?" என்றார். பவானி நிமிர்ந்து பார்த்தார். "உடம்புக்காக ஓட்டல அவரு. கீழ வுழுந்த அப்பால வூட்டுல மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கெடந்த மனுசன், இந்த ரெண்டு வருசமா சிரிச்சிகினு இருந்தாரு. எனக்கு அது போதும்" என்றார். ஜெசிந்தா அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் வாசலுக்கு வந்து நின்றேன்.

போன வாரம் தாம்பரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் இருந்தவர், "சாருக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். நான் திருவொற்றியூருக்கு வந்து கடை போட்டு, இங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவன். ஆனாலும் யார் கேட்டாலும் என் வாயில் தூத்துக்குடி என்றுதான் வரும். கேட்கிறவர் முகம் மாறாது என்பதால் அப்படிச் சொல்லிப் பழகியிருக்கிறேன் போலிருக்கிறது. அன்று "திருவொற்றியூர்" என்றேன். "அது சரி, சொந்த ஊர்?" என்றார்.

"அதுவும் அதுதான்" என்றேன்.

டில்லிபாபுவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பதில். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.