அண்ணனுக்குத் தெக்கு எந்தப் பக்கம்?

எங்கள் அண்ணனைத் தெக்கோட்டு எடுத்த அன்று, அதாவது தகனம் செய்த அன்று, கொல்லயில் என்ற எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றவர்கள்: அண்ணன் மனைவியான மைனி, அவர்கள் மகனாகிய என் மருமகன், அதியன்னூர்ச் சித்தப்பா, வீட்டிலேயே வைத்து எரிக்கும் கேஸ் தகனப் பெட்டி கொண்டுவந்தவர், தங்கையாகிய நான். வேறு யாராவது நின்று, இந்த நினைவு மலரில் எழுத விட்டுப்போயிருந்தால் வருத்தப்படக் கூடாது. அன்று எனக்கு ஒன்றும் தெளிவாயில்லை, இன்றும் இல்லை.

அண்ணன் பிறந்ததும் இதே வீட்டில்தான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். என் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. அண்ணன் நிலம் அளக்கப் படித்து, பாறசாலை முதல் காஞ்சிரங்குளம் வரை காம்பஸ் வைத்துத் திசை பார்த்து, எத்தனையோ பங்காளிச் சண்டைகளைத் தீர்த்தார்கள். அந்த வருமானத்தில்தான் என் கல்யாணமும் நடந்தது. காம்பஸ் ஊசி ஆடி அடங்கும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார்கள். "சாவியும் கத்தியும் தூரப் போட்டுட்டு வாருங்க. இரும்பக் கண்டா இது மயங்கிப் போவும்" என்பார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில்கூட, "கட்டில் எந்தப் பக்கம் பாத்துக் கெடக்கு?" என்றுதான் கேட்டார்கள்.

தகனத்துக்குத் தலை தெற்கே இருக்க வேண்டும் அல்லவா? பெட்டிக்காரர் "தெக்கு எதாக்கும்?" என்று கேட்டபோது சித்தப்பா கிணற்றைக் காட்டினார், மருமகன் தென்னையைக் காட்டினான். எங்கள் வீடு ரோட்டுக்குக் கோணலாக நிற்பது.

"எலே, ஒரு வீட்டுக்கு ரெண்டு தெக்கா?" என்று சித்தப்பா அதட்டினார்.

"அவிய காம்பஸ எடுத்துட்டு வா மக்கா" என்றார்கள் மைனி.

மருமகன் அதைப் பெட்டி மேலேயே வைத்துப் பார்த்தான். ஊசியின் தெற்கு முனை கிணற்றுப் பக்கம் நின்றது. அப்படியே பெட்டியைத் திருப்பினோம்.

எலும்பு பொறுக்கிய அன்று, பெட்டி போன வெறும் மண்ணில் மருமகன் அதே காம்பஸை வைத்தான். முனை தென்னைப் பக்கம் போய் நின்றது. பெட்டி முழுக்க இரும்பு! அழுகையில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அண்ணன் வழி மாறிப் போயிருப்பார்களோ? பூசாரியிடம் கேட்டேன், மனசு நேராக இருந்தால் போதும் என்றார். சித்தப்பாவோ கிணறுதான் தெக்கு என்று இன்றும் நிற்கிறார். யார் சொல்வதை நம்புவது? கடைசியில் மைனியிடம் போய் அழுதேன்.

"பிள்ளே, அவிய கட்டில்ல என்னிக்காவது நேரா படுத்ததுண்டா? கோணத்தான் படுப்பாவ" என்று சிரித்த மைனி, அப்படியே அழுதுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய அயல்வீட்டுக்காரருக்கும், கஞ்சி வைத்துத் தந்தவர்களுக்கும், கூட நின்ற எல்லோருக்கும் எங்கள் நன்றி. இந்த மலர் உங்கள் கைக்கு வரும் இன்று, அந்த இடத்தில் அண்ணனுக்கு விளக்கேற்ற விளக்குக்கல் பதிக்கிறோம். இந்தத் தடவையாவது திசை சரியாக வர வேண்டும். ஆகவே முற்றத்தில் இறங்கும் முன், தயவுசெய்து, சாவியையும் கத்தியையும் தூரப் போட்டுவிட்டு வாருங்கள்.