"யாரும் தூக்காதீங்க!"

பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகியும் என் இடது கால் சொன்ன பேச்சைப் பாதிதான் கேட்டது. பிசியோதெரபி பெண் சொன்னபடி தினமும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பேன். விழுந்தால் எப்படி எழுவது என்றும் தரையில் படுக்கவைத்துப் பழக்கியிருந்தாள். என் கணவருக்கு அதெல்லாம் வீண்வேலை.

"வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்ல உக்காரு. எங்கயாவது விழுந்து வைக்கப்போற" என்றார்.

அந்தக் கோபத்தில் ஒரு திங்கட்கிழமை, கைத்தடிகூட எடுக்காமல் ஆபீசுக்குக் கிளம்பினேன். தப்புதான். கராச்சர்மா பஸ் நிறுத்தத்தில், பஸ் வருகிறதே என்று சட்டென்று திரும்பியவள் குப்புற விழுந்தேன்.

நான்கைந்து பேர் ஓடி வந்தார்கள். "மத் உட்டாவ்! யாரும் தூக்காதீங்க!" என்று இந்தியிலும் தமிழிலுமாகக் கத்தினேன்.

அங்கே மீன் விற்கும் தெலுங்கு அம்மா கையை விரித்து அவர்களைத் தடுத்தாள். "ரெஹ்னே தோ, குத் உட்டேகி" என்றாள். விடுங்க, அவளே எழுந்துக்குவா என்று அர்த்தம். பிறகு தன் கனமான மீன் பெட்டியை என் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு விலகி நின்றாள்.

பக்கவாட்டில் புரண்டு முட்டி போட்டேன். பெட்டியில் கையை ஊன்றி, வலது பாதத்தை முன்னால் வைத்து, நடுங்க நடுங்க எழுந்தேன். அடுத்த பஸ் பிடித்து டெலானிபூர் ஆபீசுக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன்.

எனக்குக் கைகொடுத்தவர்கள் நிறையப் பேர். கைகொடுக்காமல் நின்றதற்காக ஒருவருக்கு நான் நன்றி சொன்னது அன்று மட்டும்தான்.