அழகமுத்து சொல்லாமல் எழுதியது

அழகமுத்து என்ற பெயரை நான் முதலில் கேட்டது கண்டிப் பக்கம் பன்வில ஆஸ்பத்திரி வாசலில். என் சின்னம்மா மகள் பாப்பம்மாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. அவள் புருஷன் பழனியாண்டி, "அக்கா, எங்கப்பா பேரையே வச்சுட்டேன், அழகமுத்து" என்றான். "பேரு இருக்கட்டும், ஒங்கப்பா மூக்கையும்ல வாங்கிட்டு வந்திருக்கான்" என்றேன். பாப்பம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எழுபத்தேழு கலவரத்தில், தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். பழனியாண்டி குடும்பத்தோடு வடக்கே வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினான். இளையவன் சின்னமுத்து அங்கேதான் பிறந்தான். அவனுக்குத் திக்குவாய். சொல் வராதபோது முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டுவான், பிறகுதான் வரும். பழனியாண்டி அங்கேயே பாம்பு கடித்துச் செத்துப்போனான். இரண்டாயிரத்து ஆறில் என் மகள் கல்யாணத்துக்குப் பாப்பம்மா மட்டும் இங்கே வந்தாள். வந்த கையோடு சண்டை மூண்டு வன்னிப் பாதையை மூடிவிட்டார்கள். தாய் இந்தப் பக்கம், பிள்ளைகள் இரண்டும் அந்தப் பக்கம்.

சண்டை முடிந்த மறுவருஷம் அழகமுத்து முகாமிலிருந்து வந்தான். ஒருத்தன்தான் வந்தான்.

"தம்பி எங்கடா?"

"சனத்துக்குள்ள கைய விட்டுட்டான்மா. எங்கயாச்சும் இருப்பான்."

நாங்கள் நம்பினோம். பாப்பம்மா சின்னமுத்துவின் படத்தைத் தூக்கிக்கொண்டு காணாமல்போனவர்கள் விசாரணை நடந்த இடமெல்லாம் போனாள். வவுனியாவுக்கு பஸ் ஏறும்போதெல்லாம் அழகமுத்துதான் கூடப் போனான். மழையில் நனையாமல் இருக்கப் படத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். இளையவன் வந்தால் மாற்ற வேண்டும் என்று இரண்டு சட்டையும் பாப்பம்மா வாங்கி அலுமாரியில் வைத்திருந்தாள்.

அழகமுத்துவுக்குப் பிலிமத்தலாவையில் ஒரு இரும்புக்கடையில் வேலை. சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்து கதை எழுதுவான். சிமெந்துத் தரையில் குப்புறப் படுத்துத்தான் எழுதுவான்.

"மேசை சும்மா கெடக்கு, நீ ஏன்டா பல்லி மாதிரி தரையில ஒட்டிக்கிட்டு கெடக்குற?" என்று கேட்டேன்.

"பங்கர் குழிக்குள்ள இப்படி எழுதிப் பழகிருச்சு பெரியம்மா. நிமிந்து உக்காந்தா கை ஓட மாட்டேங்குது."

எட்டு வருஷம் எழுதிய நாவலை இரண்டாயிரத்துப் பதினெட்டில் கண்டியில் ஒரு மண்டபத்தில் வெளியிட்டார்கள். முதல் பிரதியைத் தாய்க்குக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. பாப்பம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி முன்வரிசைக் கதிரையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் நான். அவளுக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. புத்தகத்தை மடியில் வைத்து அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அக்குறணை முஹைதீன் மாஸ்டர் பேச எழுந்தார். அழகமுத்து வன்னியில் இருந்த காலத்திலேயே அவன் கதைகளை வாசித்தவர் அவர். "அப்பல்லாம் தம்பி மழையப் பத்தி எழுதினா ரெண்டு பக்கம் எழுதுவார். இப்ப மழை வந்தா எங்க ஒதுங்கிறதுன்னு மட்டும்தான் எழுதுறார். யுத்தம் இவர் கையப் புடிச்சு எழுத வச்சிருக்கு, கேளுங்க" என்று ஒரு பக்கத்தைப் பிரித்தார். அழகமுத்து எழுந்து, "மாஸ்டர், அது வேணாம், மத்தப் பக்கம்" என்றான். கூச்சப்படுகிறான் என்று நினைத்து அவர் சிரித்துவிட்டு வாசித்தார்.

கடற்கரை மணல். ஷெல் விழுகிறது. தம்பிக்கு வயிற்றில் காயம். அவன் ஏதோ சொல்லப் பார்க்கிறான். முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டுகிறான். சொல் வரவில்லை. மறுபடியும் தட்டுகிறான். அண்ணன் சட்டி மூடியால் மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டு நடக்கிறான்.

கதையில் தம்பிக்கு வேறு பெயர். பாப்பம்மாவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. அவள் எழுந்து மேடைக்குப் போனாள்.

"மாஸ்டர் ஐயா, அந்தத் தட்டுற எடத்த இன்னொருக்கா படிங்க."

பெற்றவளுக்குப் பெருமை என்று நினைத்துச் சனம் கைதட்டியது. மாஸ்டர் மறுபடியும் வாசித்தார். அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

"இது சின்னமுத்துதானே?"

அவன் தலை குனிந்தான். "ஆமாம்மா."

"போட்டோவுக்கு ஒற போட்டுக் குடுத்தியேடா. எங்கூடவே பஸ்ல வந்தியேடா!"

"வாய்ல வரலம்மா. எழுதினாத்தான் வந்துச்சு. ஒங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு..."

மாஸ்டரின் கையிலிருந்து புத்தகம் விழுந்தது. "அல்லாஹ்வே, நான் என்ன செஞ்சுட்டேன்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து பதினாறாம் நாள் மகாவலி ஆற்றங்கரையில் கருமாதி செய்தோம். அழகமுத்து மொட்டையடித்துப் பிண்டம் வைத்தான். அந்த இரண்டு சட்டையையும் பாப்பம்மா ஆற்றில் விட்டாள். கரை ஏறும்போது அவனிடம் சொன்னாள்: "பொதைக்கிறதுக்காவது நீ இருந்தே. அதுக்கு ஒன்னக் கும்புடணும். ஆனா ஒம் மூஞ்சியப் பாத்தா அந்த பஸ்ஸுதான் ஞாபகம் வருது. கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராத."

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. பாப்பம்மா பன்விலயில் என்னோடு இருக்கிறாள். அழகமுத்து குண்டசாலையில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறான். அங்கிருந்து பஸ்ஸில் பிலிமத்தலாவைக் கடைக்குப் போய் வருகிறான்.