மூஞ்சி தெரியும் கண்ணாடி

இலங்கையில் யுத்தம் முடிந்து எத்தனையோ வருடம் கழித்து, எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீடுகளுக்குக் கல்லெறிந்தார்கள். அது அடங்கிச் சில மாதங்களில், பூசை முடிந்து வரும் வழியில், புது வீட்டு முன்கதவுக்குக் கண்ணாடி வாங்க முந்தல் டவுனில் ஒரு கடைக்குப் போனேன்.

எனக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த முகம். யார் கடைக்குள் நுழைந்தாலும் திரும்பி முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வார்.

கடைக்காரர் வழக்கம்போல் பூப்போட்ட மங்கல் கண்ணாடியை எடுத்து வைத்தார்.

"இது வேணாம் தம்பி. தெளிவானதைத் தாங்க."

"ராத்தா, வீட்டுல குமர்ப் புள்ளைகள் இரிக்கிதே. ரோட்டுல போறவனுக்கெல்லாம் உள்ளுக்குத் தெரியும்."

"தெரியட்டும். அண்டைக்குக் கல்லோட வந்தவங்க மங்கல் கண்ணாடிக்கு அங்கால வெறும் நிழலாத்தான் நிண்டாங்க. ஒருத்தன் என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். பொலிசில ஆரெண்டு கேட்டாங்க. என்னத்தச் சொல்ல?"

"தெளிவானதும் கல்லுப் பட்டா உடையும் ராத்தா."

"ஓம். உடையிறதுக்கு முந்தி மூஞ்சி தெரியுமே."

வெட்டிய கண்ணாடியை வாங்கிக்கொண்டு போகும்போது என் முகத்தையும் நிதானமாகப் பார்த்தார். நான் யார் வீட்டுக்கும் கல்லெறிந்தவன் இல்லை. ஆனாலும் தலை தானாகக் குனிந்தது.

எனக்கு எது வேண்டுமென்று கடைக்காரர் கேட்டார். என் கதவடிக்குக் கல்லோடு யாரும் வரப்போவதில்லை. மங்கல் கண்ணாடியே போதும் என்றேன்.